பாதியில் நின்ற சங்கு

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், தொண்ணூற்று ஒன்றில் அங்கேதான் இருந்தீர்களா என்று கேட்பார்கள். இருந்தேன். அந்த மே மாதத்து ராத்திரியைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள். அன்றைக்கு நான் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. பேப்பரில் வராதது எதுவும் எனக்குத் தெரியாது. அந்த வருஷம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது நாய்கள்தான். இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

ஒரகடம் போகிற சாலையில், மின்விசிறி மோட்டார் செய்கிற ஆலை ஒன்றில் நான் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டின தூரம் வரை கம்பெனிகள். அப்போது எங்கள் ஆலை ஒன்றுதான். சுற்றிலும் வயல், ஒரு ஏரி, அதற்கு அப்பால் முள்காடு. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஊதுகிற சங்கு சுற்று வட்டாரக் கிராமம் எல்லாவற்றுக்கும் கேட்கும். ஆலை ஊதலுக்கு எங்கள் பக்கம் சங்கு என்றுதான் பேர். செத்தவர்களுக்கு ஊதுவதும் சங்குதான். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

தொண்ணூறாம் வருஷம் கார்த்திகை மாதம் ஒரு நாள், காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தோம். கரண்ட் போகவில்லை, பில் கட்டவில்லை என்று மின்வாரியத்துக்காரர்கள் கம்பத்தில் ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சாயங்காலம் வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் கேட்டில் பூட்டு தொங்கியது. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கேன்டீனில் வேலை செய்த அக்கா மட்டும், "பாதி சங்கு ஊதும்போதே நெனச்சேன், நமக்குத்தான் ஊதறாங்கன்னு" என்றாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி தரப்பு ராவோடு ராவாக மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று யூனியனுக்குப் பயம். கோர்ட்டுக்குப் போய், பகலில் இரண்டு பேர், இரவில் இரண்டு பேர் உள்ளே காவல் இருக்கலாம் என்று அனுமதி வாங்கினார்கள். ஆபீஸ், ஸ்டோர், சங்கு ஊதுகிற டைம் ஆபீஸ் மூன்றையும் பூட்டி அரக்கு வைத்து சீல் போட்டார்கள். திறக்கும்போது காவல் இருந்தவர்களுக்குத்தான் முதல் வேலை என்று சொன்னார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் முறை வைத்து வந்தார்கள். பிறகு ஒருவர் செங்கல் சூளைக்குப் போனார், ஒருவர் கொத்து வேலைக்குப் போனார், ஒருவர் அம்பத்தூருக்கே குடி போய்விட்டார். தை பிறப்பதற்குள் பகல் காவலுக்கு மிஞ்சியது நானும் கேன்டீன் அக்காவும்தான்.

அக்காவுக்குப் போக வேறு இடம் இல்லை. எனக்கு இருந்தது, அதுதான் பிரச்சினை. என் புருஷன் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் இருந்தார். குடித்தால் கை ஓங்குவார், குடிக்காத நாள் குறைவு. அங்கிருந்து வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வாழாவெட்டி என்று ஊரில் முணுமுணுத்தார்கள். ஆலையில் வேலை கிடைத்ததும் முணுமுணுப்பு நின்றது. சம்பளம் வந்த வரைக்கும் நான் தங்கச்சி. ஆலை மூடினதும் சோற்றுக்கு வந்தவள். அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் வயலை நம்பி இருந்தவர், மூன்று பிள்ளைகள். பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஆவணி வரிக்கும் பாக்குறேன். ஃபேக்டரி தொறந்தா இங்கியே இரு. தொறக்கலன்னா அங்க போயிடு. நாலு பேரு நாலு விதமா பேசறாங்க."

அங்க என்று மட்டும்தான் சொல்வார். புருஷன் வீடு என்று அவர் வாயில் வராது. அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட மூடின ஆலையில் சும்மா உட்கார்ந்திருப்பது மேலாக இருந்ததால், ஒரு நாள் விடாமல் காவலுக்குப் போனேன்.

அந்தச் சும்மா இருக்கிற வேலையைப் போல உடம்பை முறிக்கிற வேலை வேறு இல்லை. காலையில் போய் இரவுக் காவல்காரர்களை அனுப்பிவிட்டுக் கேன்டீன் வாசலில் உட்காருவோம். வெயில் நகர நகர நாங்களும் நகருவோம். அப்போதுதான் குவைத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன, வானம் கறுத்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவள். அங்கே கடைசிக் காலம் வந்துவிட்டது என்று சொன்னார்களாம். அதிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு.

"மனுசன் அல்லாரும் பூட்டாங்கன்னு வெச்சிக்கமே. எது மிஞ்சி நிக்கும்?"

"நீயே சொல்லுக்கா."

"கரப்பாந்தான். குண்டு போட்டாலும் சாவாதாம்."

"நம்ம கேன்டீன்ல இப்ப ஒண்ணாவது கீதான்னு போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால் பலகையைத் தூக்கினாள், சாக்கடை மூடியைத் திறந்தாள். முன்பெல்லாம் அரிசிக் குண்டானைத் தூக்கினால் பத்து ஓடும். இப்போது காய்ந்த ஓடுகள் மட்டும் கிடந்தன. அக்காவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "எவ்ளோ மருந்தடிச்சேன், அப்பல்லாம் சாவாம இப்ப செத்துக்கீது பாரு" என்று கரப்பானைத் திட்டினாள்.

உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள நாங்கள் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. மதில் சுவருக்குள் அது நடந்துகொண்டிருந்தது. எலிகள் முதல் மாதம் பெரிய மனிதர்கள் போல நடமாடின. பகலிலேயே எங்கள் காலுக்கு நடுவே ஓடி, சோப்பைத் தின்று, மோட்டாருக்குச் சுற்றுகிற காகிதத்தைத் தின்று, கடைசியில் தின்ன ஒன்றும் இல்லாமல் வயலுக்குப் போய்விட்டன. அவற்றைத் தேடி வந்த சாரைப்பாம்பு ஸ்டோர் கதவடியில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனது. காக்காய்கள் டீ நேரம் தவறாமல் மதிலில் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்க்கும். ஒரு மாதம் பார்த்தன. பிறகு ரோட்டுப் பக்கம் போய்விட்டன. சுங்குவார்சத்திரம் டீக்கடைகளுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அக்கா சொல்வாள். நாங்கள் எதையெல்லாம் விரட்டி விரட்டி அடித்தோமோ அதெல்லாம் எங்களை நம்பித்தான் இருந்திருக்கிறது. இது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

புறாக்களுக்கு நாங்கள் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். கூரை இரும்பில் பெருகிக்கொண்டே போயின. என் மெஷினுக்கு நேர் மேலே ஒரு கூடு. ஒரு நாள் காற்றில் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் குச்சி பாதி, செப்புக் கம்பி பாதி. நான் சுற்றி மிச்சம் விழுந்த கம்பிதான், அந்தக் கம்பியின் கனம் என் விரலுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத்தான் சுற்றியிருந்தது. எனக்கு வேலை இல்லை, புறாவுக்கு இருக்கிறது என்று கோபம் வந்தது. புறா மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

"மனுசன் இல்லன்னா கறவ மாடு பொழைக்குமா?" என்று கேட்பேன். "கறக்க ஆளில்லன்னா மடி கட்டிச் செத்துடும்" என்பாள். ஆடு பிழைத்துக்கொள்ளும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளைக் கோழி ஒரு நாள் தாங்காது, நாட்டுக்கோழி மரமேறிவிடும், மரமேறின கோழியின் குஞ்சுக்குக் குஞ்சு ஒரு காலத்தில் மயில் மாதிரி பறக்கும் என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "பறக்கணும்னா அத்த ஆண்டவர் அப்பவே பறக்க வுட்டிருப்பாரு" என்றாள். இதற்காக ஒரு மத்தியானம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் போகும்போது அவளே, "சரி, கொஞ்சம் பறக்கும்" என்றாள்.

நாய்களைப் பற்றி மட்டும் நாங்கள் இரண்டு பேரும் தப்பாக நினைத்துவிட்டோம்.

கேன்டீனை அண்டி ஏழெட்டு நாய்கள் இருந்தன. மத்தியானச் சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் ஓடி வந்து கேன்டீன் பின்வாசலில் வரிசையாக உட்கார்ந்து வாலை ஆட்டும். தட்டில் மிச்சம் விழுவதை எல்லாம் அக்கா அங்கே கொட்டுவாள். மூடின பிறகும் சங்கு இல்லாமலே அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்தன. அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்தாள். எத்தனை நாள் போட முடியும்? ஒவ்வொன்றாகக் குறைந்தன. சில ரோட்டில் லாரியில் அடிபட்டன. சில எங்கே போயின என்றே தெரியாது. மிஞ்சினது இரண்டு. ஒரு காது கிழிந்த கிழட்டு ஆண் நாய், ஒத்தக்காதன் என்று கூப்பிடுவோம். இன்னொன்று ஒரு கறுப்பு நாய், சினையாக இருந்தது. மனுசன் போட்டால்தான் நாய் உண்டு, இதுங்க பாடு அவ்வளவுதான் என்று முடிவு கட்டினோம்.

தை மாதம் கறுப்பு நாய் பெயிண்ட் ஷெட்டுக்கு அடியில் குட்டி போட்டது. நாங்கள் கிட்டே போனால் பல்லைக் காட்டும், அதனால் போகவில்லை. பால் மறந்த பிறகு ஒரு நாள் நான்கு குட்டிகள் வெளியே வந்து நின்று எங்களைப் பார்த்தன. அக்கா நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டு ஒரு உருண்டை சோறு வைத்தாள். குட்டிகள் சோற்றைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தன. பிறகு திரும்பி நடந்தன. அம்மா எங்கிருந்தோ ஓணான் பிடித்துக்கொண்டு வந்து போட்டது. வெயில் ஏறுவதற்குள் மதிலின் தண்ணீர் ஓட்டை வழியாக எல்லாமும் வெளியே போய்விடும். ஏரிக்கரையில் எலிப் பொந்து தோண்டும், முள்காட்டில் கௌதாரி துரத்தும், திரும்பி வந்து மெஷின் நிழலில் படுக்கும்.

ஆனி மாதத்துக்குள் அவை ஆளாகிவிட்டன. வயிறு ஒட்டி, கால் நீண்டு, காது எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். குரைத்து நான் கேட்டதில்லை. எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது, அவற்றுக்கு வாலாட்டத் தெரியாது. வால் இருந்தது, ஓடும்போது திரும்ப உதவியது, அவ்வளவுதான். யாருக்கு ஆட்ட வேண்டும்?

"இன்னும் பத்து ஈத்து போனா நரிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள் அக்கா.

"பத்து எதுக்கு? ஒரு ஈத்துலியே மறந்துடுச்சே."

ஒத்தக்காதன் மட்டும் அந்தப் பக்கமும் சேராமல், இந்தப் பக்கமும் கிடைக்காமல், கேன்டீன் பின்வாசலில் படுத்துக் கிடந்தான். இளசுகள் மிச்சம் வைத்த எலும்பை அவை போன பிறகு போய் நக்கிவிட்டு வருவான். அவனைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. என்னைப் பார்ப்பது போலவே இருக்கும்.

ஆடி பாதியில் யூனியனிலிருந்து ஆள் வந்து, வெள்ளிக்கிழமை ஆலையைப் பார்க்க ஒரு பார்ட்டி வருகிறது, மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நாளைக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்ட்டி என்றால் வாங்க வருகிறவர். வாங்கினால் திறப்பார். அன்று ராத்திரி அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு எழுந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காரில் இரண்டு பேர் வந்தார்கள், கோர்ட் ஆள் ஒருவர் கூட வந்தார். அக்கா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். லைன்மேன் கம்பத்தில் ஏறி ஃப்யூஸைச் செருகினார்.

சங்கு ஊதியது.

கார்த்திகையில் டைம் ஆபீஸ்காரர் சுவிட்சைப் போட்டு, ஊதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதல்லவா? அவர் அதை அணைக்காமலே எழுந்து போயிருக்கிறார். அதன் மேல் சீல் வைத்துவிட்டார்கள். அத்தனை மாதமும் அந்தச் சங்கு மீதியை ஊதக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அரக்கை உடைக்கக் கோர்ட் ஆள் விடவில்லை. லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தார், மேலே ஏறச் சொன்னால் ஆபீஸில் கேட்காமல் பிடுங்க மாட்டேன் என்றார். சங்கு அரை மணி நேரத்துக்கு ஊதிக்கொண்டே இருந்தது.

புறாக்கள் மொத்தமும் கூரையை விட்டுக் கிளம்பின. மெஷின் நிழலில் படுத்திருந்த இளம் நாய்கள் துள்ளி எழுந்து, ஒரு கணம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுழன்று, ஓட்டை வழியாக வெளியே பாய்ந்தன. தாயும் அவற்றோடு போய்விட்டது. ஒத்தக்காதன் கேன்டீன் பின்வாசலில் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். வாயில் எச்சில் ஒழுக, வாலைத் தரையில் அடித்து அடித்து ஆட்டினான்.

இதையெல்லாம் அக்காதான் பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. சங்கு சத்தம் கேட்ட பிறகு நான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தபோது வைண்டிங் செக்‌ஷனில் என் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வலது கால் பெடலில் இருந்தது.

கேட் பக்கம் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பக்கத்துக் கிராமங்களான வல்லத்திலிருந்தும் வடகாலிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில், வரப்பு மேல் ஓட்டமாக, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. களை எடுத்த சேறு முழங்கால் வரை காயாமல் இரண்டு பெண்கள். செங்கல் சூளைக்குப் போன, எங்கள் ஆலையில் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்காரர் உடம்பெல்லாம் செம்மண்ணாக. ஒருவர் கையில் சாப்பாட்டு டப்பா கூட இருந்தது, எந்த நேரத்தில் அதைக் கட்டினார்களோ. எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்ததும் ஒழுங்காக ஷிஃப்ட் வரிசையில் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

கடைசியில் லைன்மேன் மறுபடி ஏறி ஃப்யூஸைப் பிடுங்கினார். சத்தம் இறங்கி நின்றது. காரில் வந்தவர்களில் ஒருவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, இவர்கள் யார் என்று கேட்டார். வேலை செய்தவர்கள் என்றோம். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. நாங்கள் ஆலை நடத்த வரவில்லை, மெஷின்களை எடைக்கு எடுக்க வந்தோம், ஓடுகிறது ஏதாவது இருந்தால் தனியாக விற்கலாம் என்று கரண்ட் கேட்டோம் என்றார். கேட்டுக்கு வெளியே யாரும் கத்தவில்லை. முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்கு. கொஞ்ச நேரம் நின்றார்கள். களைப்பாக இருந்தார்கள். ஒருவர் குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வரவில்லை. அப்புறம் சைக்கிள்களைத் திருப்பினார்கள்.

கூட்டம் கரைந்த பிறகு கேட் ஓரத்தில் அண்ணன் நிற்பது தெரிந்தது. வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கையில் என் நீலக் கோட்டு இருந்தது, ஆலைக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டு. வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"சங்கு ஊதிச்சே. நீ கோட்டு இல்லாம போயிட்டியே, உள்ள வுடமாட்டாங்களேன்னு..."

"அது தானா ஊதிச்சுண்ணா."

கோட்டை வாங்கினேன். துவைத்து மடித்து வைத்திருந்தது. வெகு நாளாக மேல் பொத்தான் இல்லாமல் ஊசி குத்திக்கொண்டு போவேன். அண்ணி அதற்குப் பொத்தான் தைத்து வைத்திருந்தாள். வேறு கலர் பொத்தான். எப்போது தைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அங்கேயே நின்று அழுதேன். அண்ணன் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா தன் டப்பாவைத் திறந்து ஒத்தக்காதனுக்கு முழுவதையும் கொட்டிவிட்டாள். "இத்தினி நாளு ஒக்காந்துகினு இருந்துச்சே, ஒரு தபாவாவது சங்கு ஊதினதுக்குச் சோறு துன்னட்டும்" என்றாள். தலையில் வைத்த பூவை எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்குப் போனாள்.

நான் அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கோட்டு மடியில் இருந்தது. ஏரிக்கரையில் ஏறும்போது, இனி காவலும் இல்லை, ஆவணிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்லவில்லை. களைப்பில் வாயில் வந்தது.

"நான் அங்க போவ மாட்டேண்ணா. எங்கியாவது வேல தேடிக்கிறேன். அங்க போவ மாட்டேன்."

அண்ணன் இன்னும் அழுத்தி மிதித்தார். மேடு என்பதால் மூச்சு வாங்கியது. கரைக்குக் கீழே, காய்ந்த தரையில் அந்த நான்கு இளம் நாய்களும் நின்றிருந்தன. சங்குக்குப் பயந்து ஓடினவை அங்கே வந்து நின்று எங்களைப் பார்த்தன. அண்ணன் மணி அடித்தார். நகரவில்லை. வாலை ஆட்டவில்லை, குரைக்கவும் இல்லை.

"யாரு நாய்ங்க இதுங்க?" என்று கேட்டார்.

"யாருதும் இல்லண்ணா."

அவர் காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் கீதுங்க" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். ஆவணி வந்தது, போனது. அங்க என்ற சொல்லை அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை.